காது கேளாதோர்: ஒரு சொல்லும் அதன் திணையும்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு துண்டறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். காது கேளாதவர்களுக்கு அரசு தரும் அடையாள அட்டை, உதவித்தொகை, வேலை ஒதுக்கீடு, காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அவர்களுக்குள்ள உரிமை, இதையெல்லாம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் ஒருநாள் முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் நிகழ்ச்சிக்கான அறிக்கை அது. ஒரே பக்கத்தில் அதே மக்களுக்கு ஐந்து பெயர். தலைப்பில் ‘செவித்திறன் குறைபாடுடையோர்’. அடுத்த வரியில் ‘காது கேளாதோர்’. அப்புறம் ‘செவிப்புலனற்றோர்’, ‘வாய் பேசாதவர்கள்’. கடைசியில், முகவரிக்கு மேலே, ‘செவிடு, ஊமை நலனுக்காக’. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருந்தார். எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கும் தேடிப் பார்த்த பிறகுதான் தெளிவானது.

செவிடு பழைய சொல். செவியிலிருந்து பிறந்தது. கன்னடத்தில் காது கிவி, கேளாமை கிவுடு. தெலுங்கில் செவி, செவுடு. மூலத்தில் இருந்த ககர ஒலி தமிழிலும் தெலுங்கிலும் சகரமாக மாறியது, கன்னடத்தில் அப்படியே நின்றுவிட்டது. இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ‘செவிட்டில் ஒன்று விட்டான்’ என்று இன்றும் பேச்சில் சொல்கிறோம். அங்கே செவிடு என்பது காதை ஒட்டிய கன்னப் பகுதி. ஆக, சொல்லின் வேரில் இழிவு எதுவும் கிடையாது.

இழிவு வேறு வழியில் வந்தது. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளியிடம் மக்கட்பிறப்பின் எட்டு வகைக் குறைகளை வரிசையாகச் சொல்கிறார். ‘கூனும் குறளும் ஊமும் செவிடும்’ என்று அந்த வரிசை போகிறது. கவனித்துப் பாருங்கள்: செவிடர் இல்லை, செவிடு. இதற்குப் பின்னால் ஒரு இலக்கண வழக்கு இருக்கிறது. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலில், உயர்திணையைக் குறித்தாலும் அஃறிணைபோல முடியும் சொற்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. குழவி, மகவு, அரசு, அடிமை என்று நீளும் அந்தப் பட்டியலில் ‘உறுப்பின் கிளவி’யும் ஒன்று. உறுப்பைக் கொண்டு ஒருவரைச் சுட்டினால் ‘கூன் வந்தது’, ‘குருடு வந்தது’ என்றுதான் வாக்கியம் முடியும். தொல்காப்பியர் இருந்த வழக்கைச் சொன்னார், அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ‘செவிடு வந்துச்சு’ என்று இன்றும் தெருவில் காதில் விழுகிறதே, அப்போது அந்தச் சொல் ஒரு மனிதரைத் திணை மாற்றிவிடுகிறது. வலி அங்கேதான் இருக்கிறது.

அதே காலத்துத் தமிழிலேயே இதற்கு மாற்றாக ஒரு வரி கிடைத்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. குறுந்தொகை 224. தலைவி தன் துயரத்தைச் சொல்கிறாள்: இரவில் ஒரு குரால் பசு, அதாவது பழுப்பு நிறப் பசு, கிணற்றில் விழுந்து தவிப்பதைக் கண்டும், யாரிடமும் சொல்ல முடியாத ‘உயர்திணை ஊமன்’ போலத் தவிக்கிறேன். உயர்திணை ஊமன்! மாடு தவிக்கிறது, மனிதன் தவிக்கிறான், இருவரிடமும் பேச்சில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்று அந்தப் புலவர் திணையைச் சொல்லியே எழுதிவிட்டார்.

அதில் ‘இராவில்’ என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. ஏன் இரவு? பகலாக இருந்தால் அந்த மனிதன் கையைக் காட்டி ஊரைக் கூட்டியிருப்பான். இருட்டில் கை தெரியாது. குறுந்தொகை 58இல் வெள்ளிவீதியார் சொல்லும் உவமையும் இப்படித்தான்: வெயிலில் பாறைமேல் உருகும் வெண்ணெயைக் கண்ணால் மட்டும் காக்கும் ‘கையில் ஊமன்’. கை இல்லாத ஊமன் என்று பொருள். அவனால் கூவவும் முடியாது, எடுத்துக் காக்கவும் முடியாது, சைகை காட்டிக் கூப்பிடவும் முடியாது. பேச்சில்லாத ஒருவனை முழுக்கக் கையறு நிலையில் நிறுத்த, ஒரு புலவர் வெளிச்சத்தை எடுக்க வேண்டியிருந்தது, இன்னொருவர் கையையே எடுக்க வேண்டியிருந்தது. கையும் வெளிச்சமும் இருந்தால் அவனுக்கு மொழி உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றே நான் படிக்கிறேன். இன்றும் காது கேளாதோர் கூடும் இடத்தில் மின்சாரம் போனால் பேச்சு நின்றுவிடும். கூடத்தில் விளக்கு சரியாக எரிகிறதா என்பதுதான் ஏற்பாட்டாளர் முதலில் பார்க்க வேண்டியது, ஒலிபெருக்கியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஊமை என்ற சொல்லை மட்டும் துண்டறிக்கையிலிருந்து யோசிக்காமல் அடித்தேன். காது கேளாதவர்களில் பெரும்பாலோருக்குக் குரல் உண்டு. கேட்காத ஒலியைப் பழக முடியாததால் பேச்சு வரவில்லை, அவ்வளவே. கைகளால் அவர்கள் நாள் முழுக்கப் பேசுகிறார்கள். ‘வாய் பேசாதவர்’ என்பது கொஞ்சம் மெருகேற்றிய அதே சொல். சட்டமே இதில் திருந்தியிருக்கிறது. 2024 வரை நடப்பில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவுக்கு நூறாண்டுக்கு மேலாக ‘ஊமைச் சாட்சிகள்’ என்றே தலைப்பு இருந்தது. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது போய், வாய்மொழியால் தெரிவிக்க இயலாத சாட்சி என்ற பொருளில் தலைப்பு வந்தது. அப்படிப்பட்டவர் சாட்சி சொல்லும்போது மொழிபெயர்ப்பாளரின் உதவி வேண்டும், அதை வீடியோவில் பதிவு செய்யவும் வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில்தான் சேர்ந்தது.

‘செவித்திறன் குறைபாடு’ மருத்துவத்திலிருந்தும் சட்டத்திலிருந்தும் வந்த மொழிபெயர்ப்பு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அளவு சொல்கிறது: இரண்டு காதிலும் 70 டெசிபல் கேட்புத்திறன் இழந்தவர் காது கேளாதவர், 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தவர் கேட்கும் திறன் குறைந்தவர். சான்றிதழுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி கார்டுக்கும் இந்தச் சொல் தேவை. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டில் ஒரு விழுக்காடு இந்த இரு பிரிவினருக்கும் சேர்த்தது, அதைக் கேட்டு வாங்கவும் இந்தச் சொல் தேவை. ஆனால் ஒருவரை வாசலில் வரவேற்கும்போது குறைபாடு என்ற சொல்லை முன்னால் நிறுத்தலாமா? கூடாது என்பது என் கருத்து. ‘மாற்றுத்திறனாளி’ 2010 வாக்கில் தமிழக அரசு வழக்குக்கு வந்த நல்ல சொல், ஆனால் எல்லாருக்கும் பொதுவானது. சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளம் வேண்டும், இவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பொதுச்சொல் இந்த வேறுபாட்டைக் காட்டாது. இலங்கைத் தமிழில் வழங்கும் செவிப்புலனற்றோர் மதிப்பான சொல்தான். அங்குள்ளவர்களுக்கு எழுதும்போது அதையே எழுதலாம்.

ஆங்கிலத்தில் ஒரு வசதி உண்டு. டெஃப் என்ற சொல்லைச் சிறிய எழுத்தில் தொடங்கினால் காது கேட்காத உடல்நிலை. பெரிய எழுத்தில் தொடங்கினால் சைகை மொழி பேசும் ஒரு சமூகம், அதன் பண்பாடு. 1972இல் ஜேம்ஸ் வுட்வர்ட் என்ற மொழியியலாளர் முன்வைத்த வழக்கம் இது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லையே, என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். நமக்குத் திணை இருக்கிறது. ‘செவிடு’ என்பதற்கும் ‘கேளாதோர்’ என்பதற்கும் நடுவே இருப்பது அதுதான். ‘ஓர்’ என்ற விகுதி வந்ததும் அங்கே ஆட்கள் வந்துவிடுகிறார்கள், ஒரு கூட்டமாக, மரியாதையோடு.

‘கேளாதோர்’ என்பதும் எதிர்மறைச் சொல்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது நடப்பதை மட்டும் சொல்கிறது, காது கேட்பதில்லை என்று. குறை என்று தீர்ப்பு எழுதவில்லை. அதோடு, அவர்கள் நடத்தும் சங்கங்களின் பெயர்ப்பலகையில் இருப்பதும் பெரும்பாலும் இந்தச் சொல்தான். ஒரு சமூகம் தனக்கு வைத்துக்கொண்ட பெயருக்கு மேல் வேறு சான்று எனக்கு வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ‘காது’ என்பதை விட்டுவிடாதீர்கள். தமிழில் கேட்பது காதின் வேலை மட்டும் அல்ல, கேள்வி கேட்பதும் கேட்பதுதான், உரிமை கேட்பதும் கேட்பதுதான். காது கேளாதவர்கள் தங்களுக்கு உரியதைக் கேட்கக் கற்றுக்கொள்ளும் நாளுக்குத்தானே அந்தத் துண்டறிக்கை!

அந்த நாளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலும் பேச்சு வந்தது. பயிலரங்கம் என்றார் ஒருவர், பட்டறை என்றார் இன்னொருவர். நான் பட்டறையின் பக்கம் நின்றேன். அரங்கு என்றால் ஒருவர் மேடையில், மற்றவர் வரிசையாக முதுகுக்குப் பின்னால். சைகை மொழிக்கு அது ஒத்துவராது. பின்னால் இருப்பவரின் கை முன்னால் இருப்பவருக்குத் தெரியாது, வட்டமாகத்தான் உட்கார வேண்டும். பட்டறை கொல்லனுக்கும் தச்சனுக்கும் உரியது, கை வேலை செய்யும் இடம். காது கேளாதோர் கூடும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னேன். இந்தியச் சைகை மொழி தமிழைக் கையால் எழுதிக் காட்டுவது அல்ல. அதற்குத் தனி இலக்கணம் உண்டு, முகக்குறிப்பும் அந்த இலக்கணத்தில் சேர்த்தி. இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, மொழி என்பதன் வரையறையிலேயே சைகை மொழிகளையும் சேர்த்திருக்கிறது. ஆகவே பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. துண்டறிக்கையை மட்டும் அச்சடித்து ஒட்டினால் போதாது. அதையே சைகையில் ஒருவர் சொல்லும் வீடியோவாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்.

அனுப்பினார்கள். அச்சடித்ததில் கடைசியாக நின்ற வரிகள் இவை: ‘காது கேளாதோர் உரிமைப் பட்டறை. சைகை மொழிபெயர்ப்பாளர் நாள் முழுவதும் இருப்பார். யுடிஐடி கார்டு இல்லாதவர்கள் ஆதார், இரண்டு புகைப்படம் கொண்டு வரவும். மதியச் சாப்பாடு உண்டு.’