பிறக்காத ஊருக்கு வழி கண்ட சால்மன்

தூண்டிலும் கையுமாக ஊர் ஊராகப் போகிறவர்கள் இப்போது ஆவலோடு கவனிக்கும் ஆறு கிளாமத். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கி, வடக்குக் கலிஃபோர்னியா வழியாகப் பசிபிக்கில் கலக்கிறது. அதன் குறுக்கே நின்ற நான்கு நீர்மின் அணைகளில் ஒன்று 2023இல் அகற்றப்பட்டது, மற்ற மூன்றும் 2024இல். அந்த அக்டோபர் தொடக்கத்தில் வேலை முடிந்தது. அதே மாதம் 16ஆம் தேதி, கடலிலிருந்து சுமார் 370 கிலோமீட்டர் மேலே ஒரு துணையாற்றில் சினூக் என்ற வகைச் சால்மனை ஓரிகன் அரசின் மீனியலாளர்கள் கண்டார்கள். 1912க்குப் பிறகு கடலிலிருந்து அவ்வளவு தூரம் வந்த முதல் சால்மன் வரவு அது.

எனக்கு உடனே ஒரு கேள்வி எழுந்தது. ஆற்றில் பிறந்து கடலில் வளரும் சால்மன், பிறந்த ஆற்றுக்கே திரும்பும் என்றுதானே படித்திருக்கிறோம்? சினூக் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வயதில் திரும்பி வந்து, முட்டையிட்டு இறந்துவிடும். இந்த மேல்பகுதியிலோ நூறு வருடத்துக்கு மேலாக ஒரு சால்மன்கூடப் பிறக்கவில்லை. அப்புறம் யார் வழி காட்டியது?

முதலில் வழக்கமான வழியைப் பார்க்கலாம். நடுக்கடலில் பூமியின் காந்தப்புலம் திசை காட்டுகிறது. கரையை நெருங்கியதும் மூக்கு அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. பாறை, மண், செடிகொடி, நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு ஓடைக்கும் தனி வாசனையைத் தருகின்றன. கடலுக்குக் கிளம்பும் பருவத்தில் குஞ்சின் உடம்பு வெள்ளி நிறமாகும், தைராய்டு ஹார்மோன் கூடும். அந்த நாட்களில்தான் தண்ணீரின் வாசனை அதன் நினைவில் பதிகிறது.

இதைக் காட்டியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லர். சிறுவயதில் திரிந்த மலையருவிப் பக்கம் மீண்டும் நடந்தபோது, அந்த வாசனையில் மறந்துபோன நினைவுகள் திரும்பின. மீனுக்கும் இப்படித்தானோ என்று அவருக்குத் தோன்றியது. அவரும் அவரது மாணவரும் ஆறு இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேலே சால்மன்களைப் பிடித்து, சிலவற்றின் மூக்கை அடைத்து, கீழே கொண்டுபோய் விட்டார்கள். மூக்கு அடைபட்டவை எந்தக் கிளை என்று தெரியாமல் தடுமாறின. பிறகு 1970களில், மார்ஃபோலின் என்ற வேதிப்பொருள் கலந்த நீரில் குஞ்சுகளை வளர்த்து மிஷிகன் ஏரியில் விட்டார்கள். வளர்ந்த மீன்கள், மார்ஃபோலின் சொட்டுவிட்ட ஓடையைத் தேடி வந்தன!

சரி, கிளாமத் மீனுக்கு வருவோம். எல்லாச் சால்மனும் வீடு திரும்புவதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் சில வேறு ஓடைக்குப் போய்விடும். இதைக் குறை என்று நினைக்கத் தேவையில்லை. 1980இல் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்துச் சேறும் சாம்பலும் டூட்டில் ஆற்றை மூடியபோது, அந்த ஆற்றின் ஸ்டீல்ஹெட் மீன்கள் (சால்மனைப் போலவே கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் உறவு மீன்) பல பக்கத்து ஆறுகளுக்குப் போய்த் தப்பின. பனியுகம் முடிந்து பனிப்பாறை விலகிய ஆறுகளில் சால்மன் குடியேறியதும் இப்படி வழி மாறியவற்றால்தான்.

கிளாமத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. கீழே பிறந்த மீன்களுக்கும் பழக்கமானது மேலிருந்து வரும் தண்ணீர்தான். முன்பு அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவை, அந்த நான்கு அணைகளில் கடலுக்கு மிக அருகில் இருந்த அயர்ன் கேட் அணையின் சுவரில் முட்டி நின்றன. இப்போது அங்கே சுவர் இல்லை. நீர்த்தேக்கம் தேக்கிவைத்த கோடை வெப்பமும் போய்விட்டதால், முட்டையிடும் காலத்தில் ஆறு முன்னைவிடச் சீக்கிரம் குளிர்கிறது.

தூண்டில்காரர்கள் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும். கலிஃபோர்னியக் கடலில் 2023, 2024 இரண்டு வருடமும் சால்மன் பிடிக்கவே தடை இருந்தது. 2024இல் மேலே இட்ட முட்டைகளில் பொரித்த குஞ்சுகள், அந்த ஓடைகளின் வாசனையோடு கடலுக்குப் போயிருக்கும். 2027, 2028 வாக்கில் அவை திரும்பி வரும்போது, அது அவை பிறந்த ஊராக இருக்கும்.