எடை பார்க்காத மின்தகடுகள்

சிங்கப்பூரின் சிம் லிம் டவரில் பழைய ஆசிலாஸ்கோப் (மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) வாங்கிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: அந்தக்காலத் தொலைக்காட்சிக் குழாயின் கழுத்தில் செம்புச் சுருள் இருந்ததே, இதில் ஏன் இல்லை?

இதன் குழாயில் திரையில் புள்ளி வரையும் எலக்ட்ரான் கதிரைத் திருப்புவது சுருளின் காந்தமல்ல, தகடுகளின் மின்புலம். சூடான கேத்தோடிலிருந்து (எதிர்மின்வாய்) கிளம்பும் எலக்ட்ரான்கள் 2,000 வோல்ட்டில் முடுக்கப்பட்டு, நொடிக்குச் சுமார் 26,500 கி.மீ. வேகத்தில் இரண்டு சோடித் தகடுகளைக் கடக்கின்றன. தகட்டின் நீளம் 2 செ.மீ., இடைவெளி 0.5 செ.மீ., அங்கிருந்து திரை 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தகடுகளுக்கிடையே 50 வோல்ட் கொடுத்தால் ஒளிப்புள்ளி 1 செ.மீ. நகரும். தொடக்கக்கல்லூரி இயற்பியலே இதற்குப் போதும்.

அந்தக் கணக்கின் விடையை உற்றுப் பாருங்கள்: எலக்ட்ரானின் நிறை அதில் இல்லவே இல்லை! கனத்த துகள் எளிதில் வளையாது. ஆனால் அதே 2,000 வோல்ட்டில் அது மெதுவாகத்தான் ஓடிவரும். தகடுகளுக்கு நடுவே கூடுதல் நேரம் இருக்கும். ஒன்றை மற்றொன்று அப்படியே ஈடுகட்டிவிடுகிறது. குழாயில் மிஞ்சிய வாயுவிலிருந்து உருவாகும் ஆக்ஸிஜன் எதிர்மின் அயனி (கூடுதலாக ஓர் எலக்ட்ரான் ஏறிய அணு), எலக்ட்ரானைப் போல் சுமார் 29,000 மடங்கு கனம். அதுவும் எலக்ட்ரான் போன பாதையிலேயே போகிறது. எத்தனை அழகு!

காந்தச் சுருளில் இந்தச் சலுகை கிடையாது. அயனி, எலக்ட்ரான் விலகுவதில் சுமார் 170இல் ஒரு பங்குதான் விலகும். அதனால் அயனிகள் எல்லாம் திரையின் நடுவிலேயே மோதி, திரையின் ஒளிரும் பூச்சான பாஸ்பரைக் கெடுத்துப் பழுப்புத் திட்டு உண்டாக்கின. முதலில் அயனிகளைத் திரைக்குப் போகவிடாமல் பிடிக்கக் கழுத்தில் அயனிப் பொறிக் காந்தம் மாட்டினார்கள்; பிறகு பாஸ்பருக்குப் பின்னால் பூசிய அலுமினியப் படலம் அயனிகளைத் தடுத்தது. இவ்வளவு தொல்லைக்கும் சுருளை விடாததற்குக் காரணம் உண்டு. முடுக்கும் வோல்ட் நான்கு மடங்கானால் தகடுகளுக்கும் நான்கு மடங்கு வோல்ட் வேண்டும். சுருளுக்கு இரு மடங்கு மின்னோட்டம் போதும். அகலத் திரைக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

பள்ளி ஆய்வகங்கள் இந்தக் குழாய்களில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். டிஜிட்டல் கருவி அலையைக் காட்டும், எலக்ட்ரான் வளைவதைக் காட்டாது.

வாசகரின் கருவியில் புள்ளி முட்டை வடிவில் தெரிந்தால், தகடுகளின் சராசரி வோல்ட், எலக்ட்ரான்களை முடுக்கும் கடைசி ஆனோடுடன் (நேர்மின்வாய்) ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தகட்டுக்கு மட்டும் +50 கொடுத்தால் சராசரி ஏறி, குவியம் கெடும். +25, −25 என்று பிரித்துக் கொடுப்பது அதனால்தான். மீதிப் பிசகை, புள்ளியை வட்டமாக்கும் அஸ்டிக் (astigmatism) திருகில் சரிசெய்யலாம்.

மூடியைத் திறப்பதென்றால் கவனம். இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலும் ஆனோடு தரை மின்னழுத்தத்துக்கு அருகிலும் கேத்தோடு −2,000 வோல்ட்டிலும் இருக்கும். ஆபத்து குழாயின் அடிப்பகுதி ஊசிகளிலும் குவியம், ஒளிர்வுத் திருகுகளின் பின்புறத்திலும்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கும். பழக்கப்பட்டவர் உயர் வோல்ட் மின்தடை வழியாக அதை இறக்கும்வரை கை வைக்காதீர்கள்.