பாசேஜில் சொல்லைத் தேடுவது வாசிப்பு ஆகாது

போன வாரம் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் 90-க்கு மேல் எடுத்த பிள்ளை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்க வேண்டுமென்று ஆசை. அதற்காக க்யூட் (CUET) நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறாள். கையில் தடியான ஒரு நோட்டு. பக்கம் பக்கமாக ஆங்கிலச் சொற்கள், எதிரே தமிழில் பொருள். "எதைக் கேட்டாலும் ஒப்பிப்பா டீச்சர். மாக் டெஸ்ட் எழுதினா மட்டும் பாசேஜ்ல மார்க் போயிருது. இன்னும் எத்தனை வார்த்தை படிக்கணும்னு சொல்லுங்க" என்றார்.

வருஷா வருஷம் இதே கேள்வி. வள்ளியூரிலிருந்து வருகிறவர்களும் கேட்கிறார்கள், அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிறவர்களும் கேட்கிறார்கள், பக்கத்துத் தெரு மேலப்பாளையத்துக்காரரும் கேட்கிறார். வார்த்தை தெரியாததால்தான் மார்க் போகிறது என்று எல்லாருமே முடிவு கட்டிவிட்டார்கள். பாசேஜ் என்றால், வாசித்துவிட்டுக் கேள்விகளுக்கு விடை சொல்லக் கொடுக்கும் ஆங்கிலப் பகுதி. அந்தப் பிள்ளை தப்புவிட்ட பாசேஜை எடுத்து, அதிலிருந்த கடினமான சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அத்தனைக்கும் பொருள் சொன்னாள். ஆனால் அந்தப் பாசேஜை எழுதியவர் என்னதான் சொல்ல வருகிறார் என்று கேட்டதும் முழித்தாள். இனியும் ஒவ்வொரு பெற்றோரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. அதனால்தான் எழுதுகிறேன்.

தேர்வைப் பற்றித் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புகளில் சேர 2022 முதல் க்யூட் தேர்வு நடக்கிறது. நடத்துவது தேசிய தேர்வு முகமை. நம் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் இதில் வரும். உள்ளூரில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் பி.ஏ., பி.எஸ்சி. சேர பிளஸ் டூ மார்க் போதும். அதற்காக யாரும் பதற வேண்டாம். க்யூட் ஆங்கிலத் தாளில் செய்தி சொல்லும் பாசேஜ், ஒரு நிகழ்ச்சியை விவரிக்கும் பாசேஜ், இலக்கியப் பாசேஜ் என்று மூன்று வகை உண்டு. ஒவ்வொன்றும் அதிகபட்சம் 300 முதல் 350 சொற்கள் வரை இருக்கும் என்பது பாடத்திட்டத்தில் உள்ளது. 2025 முதல் 50 கேள்விகள், 60 நிமிடம், எல்லாவற்றுக்கும் விடை தரவேண்டும். அதற்கு முன்பு 50-ல் 40-ஐத் தேர்ந்தெடுத்து எழுதினால் போதும். அண்ணன் படித்த பழைய கைடை வைத்துக்கொண்டு "பத்து கேள்வி விடலாம்லா டீச்சர்" என்று இன்னமும் வருகிறார்கள். அந்தக் கைடைத் தூரப் போடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்த பாசேஜ் ஒன்றை இங்கே காட்டினால்தான் புரியும். வகுப்புக்காக நானே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பது. தமிழில் இப்படி வரும்:

"கூந்தன்குளத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் நீர்ப்பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து கூடு கட்டுகின்றன. எச்சம் கலந்த குளத்து வண்டலை விவசாயிகள் அள்ளி வயலில் போடுகிறார்கள். இதைப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள், ஊரார் பறவைகளைப் பாதுகாப்பது உரத்துக்காகத்தான் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் இங்கே வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சை எடுத்து வளர்த்தவர்கள் உண்டு. அந்தக் குஞ்சால் யார் வயலுக்கு என்ன உரம் கிடைத்துவிடும்?"

கேள்வி: ஊரார் பறவைகளைப் பாதுகாப்பது பற்றி ஆசிரியரின் கருத்து எது? ஏ, வயலுக்கு உரம் கிடைப்பதால் பாதுகாக்கிறார்கள். பி, வெடி வெடிக்கத் தடை இருப்பதால் பாதுகாக்கிறார்கள். சி, ஆதாயத்தைத் தாண்டிய பிரியத்தால் பாதுகாக்கிறார்கள். டி, வெளியூர்க்காரர்கள் வந்து பார்ப்பதால் பாதுகாக்கிறார்கள்.

படித்து முடித்த வேகத்தில் ஏ என்றாள். ஏன் என்று கேட்டேன். விரலைக் கொண்டுபோய் மூன்றாவது வரியில் வைத்தாள். "இங்கதான டீச்சர் இருக்கு. பாதுகாப்பது உரத்துக்காகன்னு அப்படியே போட்டிருக்குல்லா."

போட்டிருக்கிறது. யார் சொன்னதாகப் போட்டிருக்கிறது? வெளியூர்க்காரர்கள் சொன்னதாக. ஆசிரியர் அதை எடுத்துச் சொல்வதே மறுப்பதற்காக. அடுத்த இரண்டு வரிகளும் அந்த மறுப்புதான். கடைசிக் கேள்வி அதை முடித்து வைக்கிறது. 'பிரியம்' என்ற சொல்லோ 'ஆதாயம்' என்ற சொல்லோ பாசேஜில் எங்குமே இல்லை. அதனாலேயே சி-யை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. இதில் அவளுக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்னும் ஆயிரம் வார்த்தை மனப்பாடம் செய்திருந்தாலும் ஏ என்றுதான் சொல்லியிருப்பாள்.

கேள்வி தயாரிக்கிறவர்களின் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். நானும் வகுப்புக்காக அதைத்தான் செய்கிறேன். சரியான விடையை முதலில், பாசேஜின் சொற்கள் வராமல் வேறு சொற்களில் எழுதுவோம். தப்பான மூன்றையும் பாசேஜின் சொற்களை வைத்தே கட்டுவோம். ஒன்றில், பாசேஜில் உண்மையாகவே இருக்கும், ஆனால் கேட்ட கேள்விக்குப் பொருந்தாத செய்தி இருக்கும். இன்னொன்றில் வேறு யாரோ சொன்னது ஆசிரியர் சொன்னது போல வரும். மற்றொன்றில் ஆசிரியர் ஓரளவுக்குச் சொன்னதை எல்லா இடத்துக்கும் எப்போதும் பொருந்துவதாக இழுத்து வைத்திருப்போம். ஆக, கேள்வியில் உள்ள சொல்லைப் பாசேஜில் தேடிப் பிடித்து, அது எந்த ஆப்ஷனில் இருக்கிறதோ அதைத் தொடுகிற பிள்ளை, நாங்கள் வைத்த இடத்துக்கு நேராக நடந்து வருகிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததே. ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் பழகியிருக்கிறார்கள். கேள்வியில் உள்ள சொல் எந்த வரியில் வருகிறதோ அந்த வரிக்கு முன்னும் பின்னும் பென்சிலால் அடைப்புக்குறி போடு, முற்றுப்புள்ளி வரை பார்த்து எழுது, முழு மார்க். பள்ளியில் அது செல்லுபடியாகிவிடுகிறது. ஒரு வகுப்பில் அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எல்லாரையும் பாஸ் பண்ண வைக்க வேண்டிய ஆசிரியர் வேறு என்ன செய்வார்? அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதே பழக்கத்தை, காசு வாங்கிக்கொண்டு, "கேள்வியை முதலில் படி, பிறகு பாசேஜில் கீ வேர்டைப் பிடி" என்று உத்தியாக விற்கிற வீடியோக்காரர்கள்மேல்தான் எனக்குக் கோபம். 'ஒன்லி' என்று வந்தால் அந்த ஆப்ஷன் தப்பு, 'ஆல்வேஸ்' வந்தால் தப்பு என்று இன்னொரு சட்டம். ஆசிரியரே 'ஒன்லி' என்று எழுதியிருந்தால்? அப்போது அதுதான் விடை. பாசேஜை வாசிக்காமல் விடையைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது, பிள்ளைகளே. தயவுசெய்து அதைத் தேடுவதை நிறுத்துங்கள்.

கேள்விகளின்மேல் ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு பாசேஜுக்குப் போவதில் தப்பில்லை. ஆனால் போனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்க வேண்டும். ஒரு பத்தி முடிந்ததும் நில்லுங்கள். இதில் என்ன சொன்னார், யார் சொன்னதாகச் சொன்னார், அதை அவர் ஏற்கிறாரா, மறுக்கிறாரா என்று ஒரு வரியில் உங்களுக்குள் சொல்லிப் பாருங்கள். தமிழிலேயே சொல்லுங்கள். "ஆங்கிலத்திலேயே யோசிக்கணும்" என்று யாராவது மிரட்டியிருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் தடுப்பது ஒவ்வொரு சொல்லுக்கும் தலைக்குள் தமிழ்ச்சொல் போட்டுக்கொண்டே போவதைத்தான். அப்படிப் போனால் வரி முடியும்போது சொற்கள் மட்டும் மிஞ்சும். வரி சொன்னது நிற்காது. முழு வாக்கியத்தையும் வாசித்து முடித்துவிட்டு, அது சொன்னதைத் தமிழில் சொல்வது வேறு. அது வாசிப்பு.

இதில் நான் வருஷா வருஷம் பார்க்கிற ஒன்று உண்டு. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, நூலகத்தில் உட்கார்ந்து கதையும் வாரப் பத்திரிகையும் வாசித்துப் பழகிய பிள்ளைகள், ஆரம்பத்தில் ஆங்கிலத்தில் தடுமாறினாலும் சில மாதங்களில் பாசேஜில் ஏறி வந்துவிடுகிறார்கள். ஒருவர் நேரடியாகச் சொல்லாததையும் பிடிக்க அவர்களுக்குத் தெரிகிறது. எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில வழியில் படித்து, பாடப்புத்தகத்தைத் தவிர எதையும் தொடாத பிள்ளைகள்தான் கடைசிவரை சிரமப்படுகிறார்கள். பெற்றோரே, வீட்டில் பிள்ளை கதைப்புத்தகம் வைத்திருந்தால் பிடுங்காதீர்கள். தமிழோ ஆங்கிலமோ, வாசிக்கட்டும். நம் பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. தளத்தில் 11, 12-ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வார்த்தைப் பட்டியல் புத்தகத்துக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடியுங்கள்.

வார்த்தையே வேண்டாமா என்றால், வேண்டும். ஒரே பொருள் தரும் சொல், எதிர்ச்சொல் என்று தனியாகவும் கேட்கிறார்கள். ஆனால் வாசித்த இடத்திலிருந்து, அது வந்த வாக்கியத்தோடு சேர்த்து எடுத்து எழுதுங்கள். பாசேஜில் வரும் ஒரு சொல்லின் பொருளைக் கேட்டால், அந்த இடத்தில் அதற்கு என்ன பொருள் என்றுதான் கேட்கிறார்கள். நோட்டில் முதலாவதாக எழுதி வைத்திருக்கும் பொருள் அங்கே பொருந்தாமல் போகலாம்.

வேகம் பற்றிய பயத்துக்கு ஒரு கணக்கு. 50 கேள்விக்கு 3600 நொடி என்றால் கேள்விக்கு 72 நொடி. ஒரு பாசேஜில் ஐந்து கேள்வி என்று வைத்துக்கொண்டால் ஆறு நிமிடம் கிடைக்கிறது. 350 சொல் உள்ள பாசேஜை நிமிடத்துக்கு 120 சொல் என்ற நிதானத்தில் வாசித்தாலும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மிச்சம் மூன்று நிமிடம் ஐந்து கேள்விகளுக்கும் போதும். ஸ்பீட் ரீடிங் கோர்ஸ் எதற்கு? நேரம் போவது, சரியாக வாசிக்காமல் ஒவ்வொரு கேள்விக்கும் மறுபடி மறுபடி பாசேஜுக்கு ஓடுவதில்தான்.

நெகட்டிவ் மார்க் பற்றியும் ஒரு வார்த்தை. சரிக்கு 5, தப்புக்கு 1 குறையும். "தெரியாததைத் தொடாத" என்று வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள். நாலு கேள்விக்குக் குருட்டாம்போக்கில் போட்டு ஒன்றே ஒன்று சரியானாலும் 5 வந்து 3 போய் 2 மிச்சம். இரண்டு ஆப்ஷனைத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டால் விட்டுவிட்டுப் போவதற்கு நியாயமே இல்லை. போடுங்கள்.

அப்புறம், தேர்வு கணினியில் நடக்கிறது. திரையில் அடிக்கோடு போட முடியாது. தாளில் பென்சிலோடு மட்டும் பழகிய கண்ணுக்கு அது பெரிய இடைஞ்சல். வாரத்தில் சில பாசேஜையாவது கணினியில் வாசித்துப் பழகுங்கள். போன் திரை போதாது. வீட்டில் கணினி இல்லாதவர்கள் பள்ளியின் கணினி ஆய்வகத்தைக் கேளுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் சொன்னால் பெரும்பாலும் திறந்துவிடுவார்கள். கேட்கத்தான் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள்.

மாக் டெஸ்ட்களை அடுக்கிக்கொண்டே போவதும் வீண். எழுதினான், விடை பார்த்தான், டிக் அடித்தான், அடுத்ததற்குப் போனான் என்றால் அதே தப்பை நூறு தடவை செய்கிறான் என்றுதான் அர்த்தம். ஒரு நோட்டு போடுங்கள். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும், அந்தத் தப்பான ஆப்ஷன் எனக்கு ஏன் சரியாகத் தெரிந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். "பாசேஜ்ல அதே வார்த்தை இருந்துச்சு", "வேற ஆள் சொன்னதை ஆசிரியர் சொன்னதா நினைச்சேன்", "ரெண்டாவது பத்தியைப் படிக்கவே இல்ல" என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். கொஞ்ச நாளிலேயே ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது உங்கள் கண்ணுக்கே தெரியும். அதை நான் சொல்லி நீங்கள் கேட்பதைவிட, உங்கள் கையெழுத்தில் நீங்களே பார்ப்பது ஆயிரம் மடங்கு மேல்.

பிளஸ் ஒன் படிக்கிறவர்களுக்கு அவகாசம் இருக்கிறது. தினமும் ஒரு பக்கம் ஆங்கிலம், வாசித்ததைப் பற்றி நாலு வரி, அவ்வளவுதான். பிளஸ் டூ பிள்ளைகள் மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்து, ஏப்ரலில் ஓடி வருகிறார்கள். க்யூட் மே மாதத்தில் நிற்கும். அந்த ஒரு மாதம்தான் இருக்கிறது என்றாலும், வார்த்தை நோட்டோடு வராதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டே பாசேஜ் போதும். காலையில் ஒன்று, கேள்வி பார்க்காமல், மூடி வைத்துவிட்டு வீட்டில் அம்மாவிடமோ ஆச்சியிடமோ அதில் என்ன இருந்தது என்று சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாத ஆச்சிக்கு விளங்கும்படி சொல்லிவிட்டால் அந்தப் பாசேஜ் உங்களுக்கு விளங்கிவிட்டது. சாயங்காலம் ஒன்று, கடிகாரம் வைத்து, கேள்விகளோடு. பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை மார்க் என்று மட்டும் கேட்காமல், "இன்னைக்கு என்ன வாசிச்ச?" என்று கேளுங்கள்.