அடிவயிற்றில் பிறக்கும் இரக்கம்

தீராத நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியரும் வீட்டாரும், ஆற்றுப்படுத்துநரான என்னிடம் அடிக்கடி கேட்பது, பிறர் வேதனையைக் காணும்போது அடிவயிறு கலங்குவது பலவீனமா என்பதுதான். நற்செய்தியாளர்கள் அதைப் பலவீனமாகக் கருதவில்லை என்பதற்கு, இயேசுவின் இரக்கத்தைச் சொல்ல அவர்கள் கையாண்ட 'ஸ்ப்லாங்க்னிட்சொமாய்' (உள்ளுறுப்புகள் கலங்க இரங்குதல்) என்னும் கிரேக்க வினைச்சொல்லே சான்று.

இதயம், ஈரல், நுரையீரல், சிறுநீரகம் ஆகிய உள்ளுறுப்புகளைக் குறிக்கும் 'ஸ்ப்லாங்க்னா' என்பதிலிருந்து இவ்வினை பிறந்தது. பழங்கிரேக்கர் பலிவிலங்கின் இவ்வுறுப்புகளைச் சுட்டு முதலில் உண்டனர். கிரேக்கத்தில் எழுதப்பட்ட யூத நூலான இரண்டாம் மக்கபேயர் 6:8இல் இவ்வினையின் ஒரு வடிவம் பலியுணவில் பங்குகொள்வதையே குறிக்கிறது. கிரேக்கக் கவிஞர்களுக்கோ 'ஸ்ப்லாங்க்னா' சினமும் வேட்கையும் கொதிக்கும் இடமாக இருந்தது. இரக்கம் என்ற பொருள் யூதர்கள் எழுதிய கிரேக்கத்தில்தான் வலுப்பெற்றது. கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்பதோடு உறவுடைய 'ரஹமீம்' என்ற எபிரேயச் சொல்லும் இரக்கத்தை உடலுக்குள்ளேயே வைத்திருந்தது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் குடல் சரிந்ததைச் சொல்லும் அப்போஸ்தலர் 1:18இலும் 'ஸ்ப்லாங்க்னா'தான் வருகிறது.

புதிய ஏற்பாட்டில் இவ்வினை 12 இடங்களில், அதுவும் மத்தேயு, மாற்கு, லூக்கா நூல்களில் மட்டுமே உள்ளது. தமிழ் வேதாகமம் பல இடங்களில் 'மனதுருகி' என்கிறது. அழகிய சொல்தான் என்றாலும், 'பெத்த வயிறு பத்தி எரியுது' என்னும் நம் பேச்சுவழக்கே மூலத்துக்கு இன்னும் நெருக்கமானது என்பது என் எண்ணம்.

வயிறு கலங்கியதோடு எந்த நிகழ்ச்சியும் நின்றுவிடுவதில்லை என்பதைப் பராமரிப்பாளர்கள் கவனிக்க வேண்டும். மாற்கு 1:41இல் இயேசு, தீட்டென்று ஊர் ஒதுக்கிய தொழுநோயாளியைக் கைநீட்டித் தொடுகிறார். லூக்கா 10இல் இயேசு சொல்லும் உவமையில், கள்ளரால் அடிபட்டு வழியில் கிடந்தவனைக் கண்ட சமாரியன் அவன் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, அடிபட்டவனைத் தன் விலங்கின்மேல் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்து, அன்று தானே பராமரித்து, மறுநாள் இரண்டு தெனாரி வெள்ளிக்காசுகளைச் சத்திரக்காரனிடம் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தன் வழியே போகிறான்; கூடுதல் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்கிறான். பிரசங்கங்களில் அதிகம் பேசப்படாத பகுதி இந்த ஒப்படைப்புதான். நோயாளியின் அருகே பல இரவுகள் கண்விழித்து, எழுந்து போவதையே துரோகமாக எண்ணும் மகளிடம் நான் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டி, இன்றிரவு அந்த நாற்காலியில் உட்காரக்கூடியவர் யார் என்று கேட்பதுண்டு.