ஒரு பாட்டில், ஏழு மீட்டர் நாடா

பழைய குளிர்பான பாட்டிலை நாடாவாக வெட்டிக் கூடை பின்ன ஆசைப்பட்டுக் கத்தரிக்கோலோடு உட்காருபவர்களுக்கு, பாதி நாள் வெட்டுவதிலேயே போய்விடும். அப்படி வெட்டினாலும் நாடா ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் ஒல்லியாகவும் வரும். இழுத்துப் பின்னும்போது அந்த ஒல்லியான இடத்தில்தான் அறுபடும்.

இதற்கு ஒரு சின்னக் கருவி போதும். கெட்டியான மரக்கட்டையில் இரண்டு போல்ட்டுகளை அருகருகே நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே உயரத்துக்கு வாஷர்களை அடுக்க வேண்டும். அவற்றின் மேல் கட்டர் பிளேடைக் குறுக்காகப் படுக்க வைத்து, நட்டுப் போட்டு இறுக்கினால் கருவி தயார். பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, விளிம்பில் கத்தரிக்கோலால் ஒரு நாக்கு மாதிரி நறுக்கி, அதைப் பிளேடுக்கு அடியில் நுழைத்து இழுங்கள். பாட்டில் சுழன்றுகொண்டே கீழே இறங்கும், நாடா ஓடி வரும்.

அகலம் மாறாமல் வருவது எப்படி? பாட்டிலின் விளிம்பு எப்போதும் கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கட்டைக்கும் பிளேடுக்கும் உள்ள இடைவெளியை வாஷர்கள் நிர்ணயிக்கின்றன. ஆக, அளக்கும் வேலை கையை விட்டுக் கருவிக்குப் போய்விடுகிறது. ஒரு சுற்று முடிந்ததும், புதிதாக வெட்டுப்பட்ட விளிம்பே அடுத்த சுற்றுக்கு அளவுகோலாகிறது. அதனால்தான் முதல் வெட்டு நேராக இருக்க வேண்டும். அதில் வளைவு இருந்தால் அடுத்தடுத்த சுற்றுகளும் அதையே நகலெடுக்கும்.

நீளத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாட்டிலின் சுற்றளவு 25 செ.மீ., நேரான பகுதியின் உயரம் 15 செ.மீ. என்றால் பரப்பு 375 சதுர செ.மீ. 5 மி.மீ. அகலத்தில் வெட்டினால் ஏழரை மீட்டர் கிடைக்கும். வாஷரைக் குறைத்து 3 மி.மீ. ஆக்கினால் பன்னிரண்டரை மீட்டர்!

இந்த நாடா இவ்வளவு உறுதியாக இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பெட் (PET) என்ற பிளாஸ்டிக்கால் ஆன இந்த வகைப் பாட்டிலுக்கு 1973இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கப் பொறியாளர் நதானியல் வைத். தடித்த சிறு குழாயைச் சூடாக்கி, நீளவாக்கில் இழுத்து, உள்ளே காற்றை ஊதிப் பெருக்க வைத்துத்தான் இந்தப் பாட்டிலைச் செய்கிறார்கள். அப்போது நீண்ட மூலக்கூறுகள் இழுபட்டு வரிசையாகின்றன, குறிப்பாகச் சுற்றுவாக்கில். நாம் வெட்டுவதும் சுற்றுவாக்கில்தான் என்பதால் அந்த வலிமை அப்படியே நாடாவின் நீளத்தில் கிடைக்கிறது.

இழுபட்ட அந்த மூலக்கூறுகள் சுருண்ட நிலைக்குத் திரும்பத் தவிக்கின்றன. அறைவெப்பத்தில் அவற்றால் அசைய முடியாது. ஏறக்குறைய 75 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அசையத் தொடங்கி, நாடா சுருங்கும். அரிவாள், கத்தி இவற்றின் பிடியில் நாடாவை நெருக்கமாகச் சுற்றி முடிந்துவிட்டுக் கொதிக்கும் வெந்நீரை ஊற்றிப் பாருங்கள், பசையே இல்லாமல் பிடியைக் கவ்விக்கொள்ளும். கூடை பின்னிய நாடாவுக்கு இந்தச் சூடு ஆகாது, பின்னல் கோணிப்போகும்.

பாட்டில் வாங்கும்போது பக்கவாட்டில் வழவழப்பாக இருக்கும் சோடா பாட்டிலாகப் பாருங்கள். வரிவரியாக மடிப்பு உள்ள தண்ணீர் பாட்டில்கள் மெல்லியவை, பிளேடில் நெளிந்து சிக்கும். இழுக்கும் கைக்குத் தடித்த கையுறை அவசியம். வெட்டிய நாடாவின் விளிம்பும் கையைக் கிழிக்கும்.