பழைய டர்போ ஹாட்ச்பேக் வாங்கப் போகிறீர்களா? மீட்டரை அப்புறம் பாருங்கள்

கிருஷ்ணகிரியில் பழைய கார் தேடுகிற பலருக்கும் முதலில் கண் போவது பெங்களூரு வண்டிகள் மேல்தான். பக்கத்து ஊர், வண்டிகளும் அதிகம், விலையும் கொஞ்சம் இறங்கி வரும். அதிலும் போலோ ஜி.டி., பலேனோ ஆர்.எஸ்., ஐ20 என் லைன் மாதிரி பிக்கப் உள்ள வண்டி என்றால் இளவட்டப் பையன்களுக்குத் தூக்கம் வராது. முன்பணம் கொடுக்கும் முன்பு எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: “அண்ணா, முப்பத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்கு, சிங்கிள் ஓனர்.”

சாதாரணக் குடும்பக் காருக்கு அது நல்ல சேதி. டர்போ ஹாட்ச்பேக்குக்கு அது பாதிச் சேதிகூட இல்லை. இந்த வண்டிகளில் சின்ன இன்ஜினில் இருந்து பெரிய சக்தியை எடுக்கிறார்கள். பலேனோவின் சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 84 பி.எஸ். (குதிரைசக்தி) கொடுத்தது. ஆர்.எஸ்.ஸில் இருந்த 1 லிட்டர் பூஸ்டர்ஜெட் 102 பி.எஸ். கொடுத்தது. ஐ20 என் லைனின் 1 லிட்டர் டர்போ 120 பி.எஸ். இந்த வித்தியாசத்தை உண்டாக்குவது, புகைபோகும் வழியில் கொதிக்கும் சூட்டில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற டர்போ. அதன் பேரிங்கைக் காப்பாற்றுவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். ஆயிலை நாள் தள்ளி மாற்றியவர், காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு முறுக்கியவர், நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நிறுத்திய நொடியே சாவியைத் திருப்பியவர் என்று யார் கையில் இருந்தாலும் மீட்டரில் அதே முப்பத்தெட்டாயிரம்தான் காட்டும். எண்பதாயிரம் ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் வைத்திருக்கிற வண்டியையும், முப்பத்தெட்டாயிரம் ஓடி ஒரு பில்கூட இல்லாத வண்டியையும் பக்கத்தில் நிறுத்தினால் நான் முதல் வண்டிக்குத்தான் பணம் கொடுப்பேன்.

வண்டி பார்க்கப் போகும் முன்பே விற்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: “நான் வந்த அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணணும்.” போனதும் பானட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் டீ சாப்பிட்டுவிட்டு வாருங்கள், இல்லை இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜின் காட்டிக்கொடுப்பதைச் சூடான இன்ஜின் மறைத்துவிடும். டைமிங் செயின் உள்ள இன்ஜினில் செயினோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ தளர்ந்திருந்தால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியை எழுப்பும் அந்த முதல் சில நொடிகளில்தான் கடகடவென்ற சத்தம் கேட்கும். சூடானதும் அமைதியாகிவிடும். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் உள்ளிழுக்கும் வால்வில் கார்பன் படிந்திருந்தால், அதுவும் குளிர்ந்த ஐடிலிங்கில்தான் தடுமாற்றமாகத் தெரியும்.

ஸ்டார்ட் செய்தபின் ஒருவர் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். ஓசூர்ப் பக்கக் குளிரில் காலையில் வெள்ளை ஆவி வருவது சகஜம், சில நிமிடத்தில் நின்றுவிடும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு ஒரு முறை ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது குப்பென்று நீலமாக வந்தால் சந்தேகம் டர்போ சீல் மேல் போக வேண்டும். ஆயில் மூடியின் அடியில் பால் ஊற்றிய டீ நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறது. குறுகிய தூரமே ஓடும் வண்டியிலும் லேசாக அப்படி வரும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் கூலன்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்றும் பாருங்கள். அதையும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே திறந்துவிடுங்கள். சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும்.

இனி ரீமேப். இந்த வகை வண்டியில் அதிகம் மறைக்கப்படுவது இதுதான். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வில் உள்ள மென்பொருளை மாற்றி பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, ஏற்றுவார்கள். வண்டி பறக்கும். கூடவே கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போ, பிஸ்டன் எல்லாம் கம்பெனி கணக்குப் போட்ட அளவைவிட அதிகச் சுமையைத் தாங்கும். விற்கும் நேரத்தில் பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றி, கழற்றி வைத்திருந்த சைலன்சரையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் மாட்டிவிட்டால் பார்ப்பதற்கு ஷோரூம் வண்டிதான். ஆனால் ஸ்பேனர் போட்ட இடம் பொய் சொல்லாது. டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளாம்புகளில் ஸ்க்ரூடிரைவர் கீறல் இருக்கிறதா, இ.சி.யு. மாட்டியுள்ள போல்ட்டுகளின் தலை தேய்ந்திருக்கிறதா, தூசி படிந்த இன்ஜின் அறையில் ஏர் ஃபில்டர் பெட்டி மட்டும் பளிச்சென்று இருக்கிறதா, அடியில் துருப்பிடித்த பைப்புக்கு நடுவே இரண்டு புது நட்டு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டர்போவில் இருந்து இறங்கும் புகைக்குழாயான டவுன்பைப்பில் புது வெல்டிங் தெரிந்தால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ளே இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள்.

அப்புறம் ஸ்கேனர். நிறையப் பேர் ஸ்கேனரை மாட்டி, கோளாறு கோடு எதுவும் இல்லை என்றதும் திருப்தியாகிவிடுகிறார்கள். கோடு எப்போது அழிக்கப்பட்டது என்பதைப் பார்ப்பதில்லை. எங்களிடம் வந்த ஒரு டர்போ பெட்ரோல் வண்டியில் திரை சுத்தமாக இருந்தது. ஆனால் கோடு அழித்தபின் ஓடிய தூரம் என்ற இடத்தில் 11 கி.மீ. காட்டியது. இன்ஜின் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகளில் பாதிக்கு மேல் ‘முடியவில்லை’ என்றிருந்தது. விற்பவர் பேட்டரி மாற்றியதாகச் சொன்னார். பேட்டரியைக் கழற்றினாலும் அப்படி ஆகலாம், அதனால் நாங்கள் வாதாடவில்லை. தர்மபுரி வரை ஓட்டிப் போய் வரலாம் என்றோம். காவேரிப்பட்டணம் தாண்டியதும் இன்ஜின் விளக்கு எரிந்தது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கோடு வந்து உட்கார்ந்தது. வாங்க வந்த தம்பி அங்கேயே பேச்சை முடித்துக்கொண்டார்.

சில கார்களில் கோடு பதிவாகும்போது அந்த நேரத்துக் கிலோமீட்டரும் கூடவே பதிவாகும். மீட்டர் 45 ஆயிரம் காட்டும் வண்டியில் 70 ஆயிரத்தில் பதிவான கோடு கிடைத்தால் மீட்டர் விஷயமும் அங்கேயே வெளியே வந்துவிடும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லி எடுத்த சர்வீஸ் ஹிஸ்டரியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரீமேப் செய்த வண்டி என்றாலே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். “பண்ணியிருக்கேன், இதோ பில், கிளட்சும் மாத்தியிருக்கேன்” என்று திறந்து சொல்கிறவரிடம் பேசலாம். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றம் நாளைக்கு கிளெய்ம் நேரத்தில் சிக்கலாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் கம்பெனி நிர்ணயித்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அந்தச் சுமை உங்கள் பெயரில் வரும் என்று தெரிந்தே வாங்குங்கள்.

பெங்களூரு வண்டி ஆட்டோமேட்டிக் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2013-ல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் இருப்பது 7 கியர் டி.எஸ்.ஜி. ஐ20 என் லைனில் 7 கியர் டி.சி.டி. இரண்டுமே எண்ணெயில் மூழ்காத உலர் இரட்டை கிளட்ச் வகை. ஓடும்போது அருமையாக இருக்கும். நெரிசலுக்குப் பேர்போன பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு மாதிரி இடத்தில் அடி அடியாக ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் சூடேறிக்கொண்டே இருக்கும். தினமும் இரண்டு மணி நேரம் அப்படி ஊர்ந்து 30 ஆயிரம் கி.மீ. ஓடிய வண்டியின் கிளட்ச், சேலம் ரோட்டில் ஓடிய 80 ஆயிரம் கி.மீ. வண்டியைவிட அதிகம் தேய்ந்திருக்கலாம். காலி ரோட்டில் ஓட்டினால் இது தெரியாது. வண்டி நன்றாகச் சூடான பிறகு, சாயங்கால நேரத்தில் கிருஷ்ணகிரி ஐந்து ரோடு ரவுண்டானா பக்கமோ தர்மபுரி நான்கு ரோடு பக்கமோ ஊர்ந்து பாருங்கள். ஒன்றில் இருந்து இரண்டுக்கு மாறும்போது உதறுகிறதா? சரிவான இடத்தில் ரிவர்ஸில் மெதுவாக ஏறும்போது நடுங்குகிறதா? டி-யில் இருந்து ஆர்-க்குப் போட்டதும் ஒரு கணம் யோசித்துவிட்டு ‘டக்’ என்று பிடிக்கிறதா? கிளட்ச் தொகுப்பும், கியர் மாற்றத்தை இயக்கும் மெக்கட்ரானிக்ஸும் மாற்ற வேண்டி வந்தால் செலவு லட்சத்தைத் தாண்டும். 2020-ல் வந்த 1 லிட்டர் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் இந்த உலர் கிளட்ச் இல்லாத 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் இருக்கிறது. தினமும் டவுனுக்குள் ஓட்டுகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

டெஸ்ட் டிரைவ் என்று தெருவைச் சுற்றி வருவது பயனில்லை. அதிகாலையில், லாரி குறைவாக இருக்கும்போது, ஓசூர் போகும் பக்கம் மேலுமலை ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். மேனுவல் வண்டியை நான்காவது கியரில் குறைந்த ஆர்.பி.எம்.மில் வைத்து ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்தினால், வேகம் கூடாமல் ஆர்.பி.எம். மட்டும் எகிறக் கூடாது. எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது. ரீமேப்பில் அடிபட்ட வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறோம். பூஸ்ட் ஏறும்போது உஸ் என்று காற்று கசியும் சத்தம், திடீரென்று சக்தி அறுந்துபோவது, மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எல்லாம் இந்த ஏற்றத்தில்தான் வெளிவரும். பிரேக் பார்க்கிறேன் என்று தொப்பூர் இறக்கத்துக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். எத்தனை உயிர் போன இடம் அது. முன்பின் தெரியாத வண்டியோடு அங்கே விளையாட வேண்டாம். பின்னால் வண்டி வராத, சமதளமான சாலையில் 60 கி.மீ. வேகத்தில் அழுத்தினாலே ஸ்டீயரிங் ஆடுகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று தெரிந்துவிடும். பலேனோ ஆர்.எஸ். என்றால் இன்னொன்றும் உண்டு. பிரேக் மிதியை லேசாக்கும் வேக்கம் பம்ப்பைச் சரிபார்க்க 2023-ல் மாருதி 7,213 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கும் வண்டியில் அந்த வேலை முடிந்ததா என்று சேசிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

டயரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். நான்கும் ஒரே தேதியா, ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, பிரேக் வட்டு சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்க பெயிண்ட் தடிமன் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அதன் அடியில் உள்ள தயாரிப்புத் தேதியை வண்டியின் தேதியோடு ஒப்பிடுங்கள். இழுத்தபடி வைத்து முகர்ந்தும் பாருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியில் சேறு வாசனை பெல்ட் ரீலுக்குள் தங்கிவிடும். 2022 செப்டம்பரில் பெங்களூரு பெல்லந்தூர்ப் பக்கம் கார்கள் மூழ்கின. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் ஊத்தங்கரையிலேயே வண்டிகள் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். அப்படி நனைந்த வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு சந்தைக்கு வரத்தான் செய்யும். சீட் தண்டவாளத்தின் போல்ட், ஸ்டெப்னி குழி, கார்பெட்டுக்கு அடியில் உள்ள ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூப்பு, இவற்றை விடாமல் பாருங்கள். சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், ஏர்பேக் வெடித்த வண்டியில் விளக்கை மட்டும் துண்டித்திருக்கலாம்.

உதிரிபாகம் கிடைக்குமா என்பதையும் வாங்கும் முன்பே யோசியுங்கள். 145 பி.எஸ். அபார்த் புன்டோவும், டாடாவும் கோவை ஜெயமும் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி.யும் ஓட்ட ஆசையாக இருக்கும். ஆனால் அவற்றுக்கே உரிய பம்பர், டர்போ பாகம் என்றால் தேடி அலைய வேண்டும். போலோ 2022-ல் நின்றாலும் ஓடுகிற வண்டிகள் நிறைய, அதனால் சமாளிக்கலாம்.

கடைசியாகப் பேப்பர். கே.ஏ. (கர்நாடக) நம்பர் வண்டிக்கு அங்கிருந்து படிவம் 28-ல் என்.ஓ.சி. வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30. கடன் இருந்திருந்தால் 35. வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் தமிழ்நாட்டு நம்பர் எடுத்தாக வேண்டும். கிருஷ்ணகிரிக்கு டி.என். 24, தர்மபுரிக்கு 29, ஓசூருக்கு 70. ஆயுள் வரியை இங்கே புதிதாகக் கட்ட வேண்டும். கர்நாடகாவில் கட்டிய வரியில் திரும்பக் கிடைப்பது யாருக்கு என்பதை விலை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள். நிலுவையில் இருக்கும் இ-சலான்களை வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்து, விற்பவரே கட்டிய ரசீதை வாங்குங்கள். வேகமான வண்டி என்றால் பட்டியல் நீளமாகவே இருக்கும். அவருடைய ஃபாஸ்டேக்கை மூடச் சொல்லுங்கள். சாவி கைமாறும்போது, தேதியும் மணியும் மீட்டரில் உள்ள கிலோமீட்டரும் எழுதிய டெலிவரி நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.