பழைய டீசல் கேம்பர் வான்: கொழும்பு வெயில் மறைக்கும் குறைகள்

பழைய வான் ஒன்றைப் பார்க்கக் காலையில் போவதாக இருந்தால், முதல் நாள் இரவே விற்பவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்: “அண்ணன், நாங்கள் வரும் வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.” சரி என்றுதான் சொல்வார். போனதும் கட்டில், சமையல் மேடை, திரைச்சீலை எல்லாவற்றையும் ஆசையாகக் காட்டத் தொடங்குவார். அதற்கு முன் முன் சீட்டைத் தூக்கச் சொல்லி எஞ்சினில் கை வையுங்கள். ஹைஏஸ், டெலிகா போன்ற வான்களில் எஞ்சின் அங்கேதான் இருக்கிறது. இளஞ்சூடாக இருந்தால், வண்டி காலையிலேயே ஒரு முறை ஓடிவிட்டது. பிளேன்டீ குடித்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறோம் என்று கிளம்பலாம்.

இவ்வளவு கறார் எதற்கு? டீசல் எஞ்சினில் பெற்றோல் எஞ்சினைப் போலத் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தில் பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதே சங்கதிதான். டெலிகாவில் வரும் 2.5 லீற்றர் 4டி56 எஞ்சின், உள்ளே வரும் காற்றை 21 மடங்கு சுருக்குகிறது. 30 பாகை செல்சியஸில் நுழையும் காற்று, சுவர் வழியே போகும் இழப்பையும் கழித்துக் கணக்குப் போட்டால், 480 பாகை அளவுக்குச் சூடாகும். ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவாகச் சுற்றும் அந்த முதல் சில விநாடிகளில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருந்தால் அழுத்தம் ஓரத்தால் கசியும், சூடு இன்னும் இறங்கும், டீசல் பற்றாமல் வெள்ளைப் புகையாக வெளியேறும். எஞ்சின் சூடேறிய பிறகு இந்தக் குறை பெரும்பாலும் வெளியே தெரியாது. உலோகம் விரிந்து இடைவெளி குறையும், சுவர்கள் சூட்டைத் திருடுவதும் குறையும்.

இங்கேதான் கொழும்பு நம்மை ஏமாற்றுகிறது. வெள்ளவத்தையில் அதிகாலை ஐந்து மணிக்குக்கூட வெப்பநிலை 24, 25 பாகைக்குப் பெரிதாகக் கீழே போகாது. அந்த வெதுவெதுப்பில் அரைகுறை எஞ்சினும் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்ளும். கேம்பர் வான் வாங்குகிறவர் வெள்ளவத்தையில் படுத்துறங்கவா வாங்குகிறார்? நுவரெலியா 1868 மீற்றர் உயரம். ஜனவரி விடியலில் 8 பாகைக் குளிர் அங்கே அதிசயமில்லை. மேலே சொன்ன அதே கணக்கை 8 பாகையில் போட்டால், அழுத்திய காற்றின் சூடு ஐம்பது பாகைக்கு மேல் குறைகிறது. போதாக்குறைக்கு அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் நல்ல பிள்ளையாக ஓடிய வண்டி நுவரெலியாவின் கிரகரி வாவிக் கரையில் கிளம்ப மறுப்பதற்கு இதுதான் காரணம்.

ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சினின் உள்ளே சூடேற்றிக் கொடுக்கும் ஹீற்றர் பிளக்குகளின் குறையையும் இதே வெயில் மறைத்துவிடுகிறது. 4டி56, டொயோட்டாவின் 2.8 லீற்றர் 3எல் போன்ற பழைய எஞ்சின்களில் டீசல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதில்லை. பக்கத்தில் உள்ள சின்ன அறை ஒன்றில்தான் முதலில் பற்றுகிறது. அந்த அறையின் சுவர்கள் சூட்டை உறிஞ்சுவதால், குளிரில் ஹீற்றர் பிளக் உதவி கட்டாயம். நான்கில் இரண்டு செத்திருந்தாலும் கொழும்பில் யாருக்கும் தெரியாது. மல்டிமீற்றர் வைத்து ஒவ்வொன்றையும் பார்த்தால் தெரியும்: நல்ல பிளக் ஒரு ஓம் அளவிலோ அதற்குக் கீழேயோ காட்டும், செத்தது எதுவுமே காட்டாது. இது சில்லறைச் செலவு. ஆனால் பேரம் பேச நல்ல பிடி.

சரி, குளிர்ந்த எஞ்சின் கிளம்பிவிட்டது. உடனே ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடேறாத அந்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டர் வாயு குளிர்நீருக்குள் புகுகிறது என்று அர்த்தம். இந்த எஞ்சின்களின் அடிப்பகுதி வார்ப்பிரும்பு. 4டி56 போன்றவற்றில் தலை அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். பாரம் ஏற்றி கடுகண்ணாவைக் கணவாயில் ஒரே ஒரு முறை தண்ணீர் கொதித்திருந்தாலும் தலை வளைந்திருக்கலாம், இரண்டுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் கேஸ்கட் விட்டிருக்கலாம். அப்புறம் ஓயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வாய் மேல் சும்மா வையுங்கள். ரிங் போன எஞ்சினில் அது குதித்து ஆடும். நீலப் புகை நின்றபாடில்லை என்றால் ஓயில் எரிகிறது. கறுப்புப் புகை அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. பல நேரம் ஏர் ஃபில்டரோ இன்ஜெக்டரோதான்.

ஓட்டிப் பார்த்து நன்றாகச் சூடேற்றியதும் எஞ்சினை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்கள். குளிரில் பட்டென்று கிளம்பி, சூட்டில் இழுத்து இழுத்துக் கிளம்பினால் டீசல் பம்ப் தேய்ந்திருக்கலாம். சூட்டில் டீசல் நீர்த்துப்போய் பம்பின் உள்ளிடைவெளிகளால் வழுகிவிடும், பீய்ச்சுவதற்கு வேண்டிய அழுத்தம் எழாது. பம்ப் வேலை மலிவானதல்ல.

நான்கு சக்கர இயக்கத்துக்கு வருவோம். 4டபிள்யூடி என்று கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஹைஏஸின் முழுநேர நான்கு சக்கர வகைகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே சிலிக்கன் திரவம் நிறைந்த ஒரு இணைப்பு இருக்கிறது. இரண்டு அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்றினால் அந்தத் திரவம் உராய்ந்து சூடாகி, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். ஈர மண்ணில் அது வரம். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்று வண்டி ஓடினால் சாபம். தேய்வில் 5 மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தாலே சுற்றளவு நூற்றுக்கு ஒன்றரை வேறுபடும். ஒரு கிலோமீற்றருக்கு 15 மீற்றர் வித்தியாசத்தை அந்த இணைப்பு ஓயாமல் விழுங்க வேண்டும். ஆகவே நான்கு டயர்களின் பெயரையும் அளவையும் தேய்வையும் பாருங்கள். லிவர் போட்டு ஈடுபடுத்தும் பகுதிநேர வகை என்றால், மணலிலோ கிரவலிலோ போட்டு முன் சக்கரம் உண்மையில் இழுக்கிறதா என்று பாருங்கள். தார் ரோட்டில் வேண்டாம்.

ஜப்பானில் நான்கு சக்கர வான் வாங்கியவர்களில் நிறையப் பேர் ஹொக்கைடோ போன்ற பனிப் பிரதேசத்துக்காரர்கள். அங்கே பனி உருக ரோட்டில் உப்புத் தூவுவார்கள். ரீகன்டிஷனாக இங்கே வந்த வண்டியின் அடியில் அந்த உப்பு ஏற்கனவே இருந்திருக்கக்கூடும். கொழும்பில் கடற்காற்று அதோடு சேர்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும். கொழும்பில் ஈரப்பதம் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேதான். மழையே இல்லாத வாரத்திலும் உள்ளே துரு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அடியில் புதிதாகப் பூசிய கறுப்புப் பூச்சைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். சின்னச் சுத்தியலால் ஸ்பிரிங் பொருந்தும் இடங்களையும் ஜக் வைக்கும் இடங்களையும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், துரு தின்றது மந்தமாக ஒலிக்கும். உள்ளே மெத்தையைத் தூக்கி, பிளைவூட் பலகைக்குப் பின்னாலும் டோர்ச் அடியுங்கள். கட்டில் அடித்தவர் காற்றோட்டத்துக்கு வழி விட்டாரா என்பது அங்கே தெரியும்.

உள் அலங்காரத்துக்கு விற்பவர் கேட்கும் தொகையில் நான் பெரிதாக எதையும் ஏற்கமாட்டேன். ஈய அமிலப் பற்றரி 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை ஏற்றத்துக்கும் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது பழக்கமான கணக்கு. மூடிய வானுக்குள் பகலில் அது எவ்வளவு வெந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏற்றி இரவு முழுக்கச் சும்மா விட்டும் 12 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால், அதன் விலை பழைய இரும்பு விலைதான். அலங்காரத்தின் எடை வேறு. தண்ணீர்த் தொட்டி, பற்றரி, பெட்டி எல்லாம் சேர்ந்து இரண்டரைத் தொன் வண்டியாகிவிட்டால், நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு இறங்கும்போது 46 மெகாஜூல், அதாவது மின்சாரக் கணக்கில் கிட்டத்தட்ட 13 அலகு சக்தியைக் கரைத்தாக வேண்டும். டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் திரொட்டில் இல்லாததால் எஞ்சின் பிடிப்பு பெற்றோல் வண்டியைவிடக் குறைவு. மிச்சப் பாரம் றம்பொடை வளைவுகளில் பிரேக்கின் தலையில் விழுகிறது. டிஸ்க் நீலம் பூத்திருக்கிறதா, பின் ஸ்பிரிங் தட்டையாகிவிட்டதா என்று பார்க்காமல் ஓட்டிப் பார்க்கப் போகாதீர்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் பழைய வண்டிகளின் விலை வயதோடு இறங்காமல் ஏறியது. பலர் இன்னும் அந்த நினைப்பிலேயே விலை சொல்கிறார்கள். ஹீற்றர் பிளக், பற்றரி, டயர், ஸ்பிரிங் எல்லாம் கழித்துப் பேச வேண்டிய குறைகள். எஞ்சின் போனாலும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இன்னொன்று தேடலாம். அதன் விலையையும் கூலியையும் முழுதாகக் கழியுங்கள். வண்டியின் சேஸிச் சட்டத்தில் துரு ஓட்டை விழுந்திருந்தால் பேரமே வேண்டாம், வேறு வண்டி பாருங்கள். கடைசியாக, சேஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியின் பதிவுப் புக்கோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றப்பட்டுப் புக்கில் ஏறவில்லை என்றால், நாரஹேன்பிட்டிக்குப் போய் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிந்து தருவது விற்பவரின் வேலை. அட்வான்ஸ் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.